வங்கி விடுமுறை நாளில் காலை முதல் நள்ளிரவு வரை பேச்சு வானொலி கேட்பது எப்படி

பிரிட்டனில் வங்கி விடுமுறை என்றால் பெரும்பாலும் திங்கட்கிழமை. அன்று மழை பெய்தால் வீட்டைவிட்டு நகர வழியில்லை. வெயில் அடித்தால் கடற்கரைச் சாலைகளில் கார்கள் நகர வழியில்லை. இப்படிப்பட்ட ஒரு நாளில் விடியற்காலை முதல் நள்ளிரவு கடந்தும் பாட்டை நம்பாமல் பேச்சை மட்டுமே நம்பி நடக்கும் பிபிசி ரேடியோ 4 என்னும் வானொலி ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பது, இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த நம்மவர் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் காரில் போகும்போது பத்து நிமிடம் கேட்பதோடு சரி. செய்தி, நேர்காணல், நாடகம், நகைச்சுவை, கிராமத்துத் தொடர்கதை, கடல் வானிலை என்று அத்தனை வகையையும் ஒரே நாளில் கேட்க விரும்புகிறவர் அந்த நாளை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதை, சில விடுமுறைகளில் சரியாகவும் பல விடுமுறைகளில் தவறாகவும் கேட்டுப் பார்த்த பழக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் எந்த விடுமுறை என்று தீர்மானிக்க வேண்டும். 1871-இல் சர் ஜான் லபக் கொண்டுவந்த சட்டத்திலிருந்து வளர்ந்த இந்த விடுமுறைகள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இன்று ஆண்டுக்கு எட்டு: புத்தாண்டு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே மாதத்தின் முதல் திங்களும் கடைசித் திங்களும், ஆகஸ்டின் கடைசித் திங்கள், கிறிஸ்துமஸ், அதற்கு மறுநாளான பாக்சிங் டே. ஸ்காட்லாந்தில் ஈஸ்டர் திங்கள் கணக்கில் இல்லை. அவர்களுடைய ஆகஸ்டு விடுமுறையும் அந்த மாதத்தின் முதல் திங்களிலேயே வந்துவிடும். ஆனால் நான் சொல்லப்போகும் வானொலி நாடு முழுவதற்கும் ஒன்றே என்பதால், எடின்பரோவில் இருப்பவர் தம் ஆகஸ்டு விடுமுறையில் கேட்பது லண்டன்காரரின் சாதாரணத் திங்கட்கிழமை நிகழ்ச்சிகளைத்தான். அதேபோல், கிறிஸ்துமஸ் சனி ஞாயிறில் விழுந்து அதற்கு ஈடாக இன்னொரு நாள் விடுமுறை தரப்படும்போது, சிறப்பு நிகழ்ச்சிகள் ஈடு நாளுக்காகக் காத்திருப்பதில்லை. அவை உரிய தேதியிலேயே வந்து போய்விடும்.

முதன்முறை முயல்கிறவர்களுக்கு மே மாதத் திங்களையோ ஆகஸ்டுத் திங்களையோதான் பரிந்துரைப்பேன். கிறிஸ்துமஸ் காலத்தில் வானொலி தன் வழக்கமான உருவத்தையே மாற்றிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டு பாக்சிங் டே அன்று ஸ்டீபன் ஃபிரை முதலாவது ஹாரி பாட்டர் கதையை வாசிக்க, ரேடியோ 4 தன் மற்ற நிகழ்ச்சிகளை ஒதுக்கிவைத்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் அதையே ஒலிபரப்பியது. 2015-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ பத்து மணி நேர நாடகமாக நாள் முழுவதும் பரவிக் கிடந்தது. இவை பெரிய விருந்துகள், ஆனால் பலவகைச் சாப்பாடு அல்ல. மே, ஆகஸ்டுத் திங்கட்கிழமைகளிலோ வார நாளின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். அதன் மேல் விடுமுறைக்குரிய தளர்வு மட்டும் கொஞ்சம் சேரும்.

அடுத்தது நிலையம். 1967 செப்டம்பர் 30-இல் பழைய ஹோம் சர்வீஸின் இடத்தில் தொடங்கிய பிபிசி ரேடியோ 4-தான் நாளின் முதுகெலும்பு. அதன் தங்கை ரேடியோ 4 எக்ஸ்ட்ரா பழைய நகைச்சுவைகளையும் நாடகங்களையும் பெட்டகத்திலிருந்து எடுத்துத் தரும். விளையாட்டும் சூடான செய்தியும் வேண்டுமென்றால் 5 லைவ். நேயர்கள் தொலைபேசியில் வந்து வாதாடுவதைக் கேட்க வேண்டுமென்றால், 1973-இல் லண்டனில் தொடங்கிய எல்பிசி. எல்பிசியை நான் அளவோடுதான் கேட்பேன். விடுமுறை நாளில் அடுத்தவர் கோபத்தைக் கேட்டு நம் இரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்வதில் பொருளில்லை. பிபிசி என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வருவது 1941-இல் தொடங்கி 2017-இல் வானொலியிலிருந்து விடைபெற்ற தமிழோசை. சிற்றலையின் இரைச்சலுக்குள் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுப் பழகியவர்களுக்கு ரேடியோ 4-இன் வேகமான ஆங்கிலம் ஒன்றும் பெரிய தடையாக இருக்காது.

கருவிக்குப் பெரிய செலவில்லை. எஃப்எம் அலைவரிசையில் 92-க்கும் 95-க்கும் இடையே திருப்பினால் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ரேடியோ 4 கிடைக்கும். எக்ஸ்ட்ராவுக்கு டிஏபி என்னும் எண்ணியல் வானொலியோ இணையமோ வேண்டும். தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. வானொலிக்கென்று இருந்த தனி உரிமம் 1971-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. பிபிசி சவுண்ட்ஸ் செயலியில் வானொலி கேட்பதற்கும் உரிமம் தேவையில்லை. பிபிசியின் தொலைக்காட்சிச் செயலியான ஐபிளேயர் பக்கம் போனால்தான் அது வேண்டும்.

வீட்டில் எஃப்எம் பெட்டி ஒன்றும் டிஏபி பெட்டி ஒன்றும் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். நான் ஒருமுறை சமையலறை ஜன்னலோரம் பழைய எஃப்எம் பெட்டியையும் கூடத்து அலமாரியில் டிஏபி பெட்டியையும் ஒன்றாக ஓடவிட்டு, அறை மாறினாலும் பேச்சு அறுபடாது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மணி அடிக்கும் நேரம் வந்தது. 1924 முதல் பிபிசி மணிதோறும் ஒலிக்கும் கிரீன்விச் நேரக்குறி, குட்டையாக ஐந்து கீச்சும் நீளமாக ஒரு கீச்சும் கொண்டது. நீளமான அந்த ஆறாவது ஒலி தொடங்கும் நொடிதான் சரியான மணி. சமையலறையில் ஆறும் முடிந்து செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்த பிறகும், கூடத்தில் கீச்சொலி ஓயவில்லை. எண்ணியல் ஒலிபரப்பில் ஒலியைச் சுருக்கி அனுப்பி, பெட்டி அதைத் திரும்ப விரிப்பதற்குள் சில நொடிகள் பிந்திவிடுகின்றன. இணையத்தில் அந்தத் தாமதம் இன்னும் கூடும். கடிகாரத்தைச் சரிசெய்ய எஃப்எம்மை நம்புங்கள். அறை மாற வேண்டுமென்றால் கையோடு தூக்கிப் போகக்கூடிய ஒரே பெட்டி போதும்.

முதல்நாள் இரவு அட்டவணையைப் பார்த்துவிடுவது இந்த முழு முயற்சியின் பாதி. 1923-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் ரேடியோ டைம்ஸ் இதழிலோ ரேடியோ 4-இன் இணையப் பக்கத்திலோ மறுநாள் நிரல் இருக்கும். விடுமுறையில் செய்தி நிகழ்ச்சிகள் சில நேரம் குறுகும், சில நிகழ்ச்சிகளுக்குப் பதிலாகச் சிறப்பு நிகழ்ச்சி வரும். ஆகவே கீழே நான் சொல்லும் நேரங்களைச் சாதாரணத் திங்களின் நேரங்களாகக் கொண்டு, அந்த வாரத்து அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அட்டவணையைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட ஆசை வரும். அதுதான் பொறி. முதல் ஆண்டு நான் காலை ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டு, அணைக்கவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். பதினொரு மணிக்கு மனைவி, “இப்ப யாரோட பேட்டி போகுது?” என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. பாட்டு இப்படிப் பின்னணியில் ஓடினால் ஒன்றும் கெடாது. பேச்சு அப்படியல்ல, ஒரு வாக்கியம் தவறினால் அடுத்த வாக்கியம் தரையில்லாமல் நிற்கும். அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட முறை இது: நேரலையில் தவறாமல் கேட்பவை என்று மூன்றே மூன்றைக் குறித்துக்கொள்வேன், மற்றவற்றில் பிடித்தவை செயலியில் குறைந்தது சில வாரங்களாவது கிடக்கும் என்பதால் அவற்றைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன், மூன்றுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது பெட்டியை அணைத்துவைப்பேன். கேட்கும்போது கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது. துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது, சட்டைப் பொத்தான் தைப்பது எல்லாம் பொருந்தும். கைபேசி பொருந்தாது, ஏனென்றால் கண் எழுத்தைப் படிக்கத் தொடங்கியதும் காது மூடிக்கொள்கிறது.

இனி நாளைப் பார்ப்போம். காலை 6 மணி முதல் 9 வரை ‘டுடே’. 1957-இல் தொடங்கியது; அமைச்சர்கள் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்படும் இடம் என்று பெயர் பெற்றது. விடுமுறை நாளில் நாடாளுமன்றம் பெரும்பாலும் கூடாது என்பதால் அரசியல் சூடு குறைந்து, பறவைகள், புதைபொருள், பழைய ரயில்பாதை போன்றவற்றுக்கு இடம் கிடைக்கும். எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. மூன்று மணி நேரத்தையும் கேட்கத் தேவையில்லை. ஏழே முக்காலுக்குச் சற்று முன் போட்டால் சமயச் சிந்தனைத் துளி ஒன்றும் அதன் பின் எட்டு மணிச் செய்தியும் கிடைக்கும். சிந்தனைத் துளி மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பாதிரியாரோ, ரபியோ, இந்துவோ, சீக்கியரோ அன்றைய செய்தி ஒன்றைப் பிடித்துக்கொண்டு தம் மரபு வழியாக ஏதோ சொல்வார். நம் ஊர்க் காலை வானொலியில் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டவர்களுக்கு இந்த உருவம் உடனே பிடிபடும்.

9 மணிக்குத் திங்கட்கிழமைகளில் ‘ஸ்டார்ட் தி வீக்’ என்ற அறிவுலக உரையாடல். 10 மணிக்கு, 1946 முதல் நடந்துவரும் ‘வுமன்ஸ் அவர்’. பின்னது பல விடுமுறைகளில் ஒரே பொருளைப் பற்றிய முழுநீள நிகழ்ச்சியாக வரும், வழக்கமான துண்டு துண்டான வடிவத்தைவிட அது கேட்பதற்கு நன்றாக இருக்கும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கேளுங்கள். காலைப் பொருள் பிடிக்கவில்லையென்றால் செயலியில் இருக்கும் பழைய நிகழ்ச்சிகளின் பெட்டகத்துக்குப் போவதே மேல். ‘இன் அவர் டைம்’ என்னும் தொடரில், 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்திய ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்கள் இருக்கின்றன. மூன்று பேராசிரியர்களை உட்காரவைத்து ஒரே பொருளை முக்கால் மணி நேரம் அலசுவார்கள், அசோகரும் பகவத் கீதையும் அவற்றில் உண்டு. நமக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளில் தொடங்கினால், ஆங்கில உச்சரிப்பின் வேகத்துக்குக் காது பழகிவிடும் என்பது இதில் உள்ள வசதி.

அதே பெட்டகத்தில் 1942 முதல் நடக்கும் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’-உம் கிடைக்கும். ஆளில்லாத் தீவில் ஒதுங்கினால் கூட வைத்துக்கொள்ள எட்டு இசைத்தட்டுகள், ஒரு நூல், ஓர் ஆடம்பரப் பொருள் ஆகியவற்றை விருந்தினர் தேர்ந்தெடுக்க வேண்டும். விவிலியமும் ஷேக்ஸ்பியரும் கேட்காமலே தரப்படும். கேட்கத் தொடங்குமுன் உங்கள் எட்டுப் பாட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எட்டில் ஆறு இளையராஜாவாகிவிட, மீதி இரண்டுக்காக நடந்த சண்டையில் நிகழ்ச்சியே முடிந்துவிட்டது.

பகல் 1 மணிச் செய்தியைக் கடந்தால் நாளின் செழிப்பான பகுதி வருகிறது. 2 மணிக்கு, முந்தைய நாள் இரவு வந்த ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரின் மறு ஒலிபரப்பு, 2.15-க்கு முக்கால் மணி நேர நாடகம். ஆர்ச்சர்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வானொலிக்குள் நுழைகிற வெளியாருக்கு மிகவும் குழப்பமான வாசல் அதுதான். அது விடுமுறையிலேயே பிறந்த தொடர்: 1950 மே 29, அக்காலத்து விட் திங்கள் விடுமுறையன்று, மிட்லண்ட்ஸ் பகுதிக்கு மட்டும் ஒரு வாரச் சோதனையாக ஒலிபரப்பானது, 1951 சனவரி முதல் நாளிலிருந்து நாடு முழுவதற்கும் வரத் தொடங்கியது. போருக்குப் பிந்திய பங்கீட்டுக் காலத்தில் விவசாயிகளுக்கு விளைச்சலைப் பெருக்கும் வழிகளைக் கதை வழியாகச் சொல்வதே முதல் நோக்கம். ஆம்பிரிட்ஜ் என்னும் கற்பனை ஊர், அதில் சில குடும்பங்கள், பால் மாடு, பயிர், மதுக்கடை, தேவாலயம், சொத்துத் தகராறு. எழுபது ஆண்டுக் கதையைப் பிடிக்க முயலாதீர்கள். முதல் மாதத்தில் இரண்டே குடும்பங்களின் குரல்களை அடையாளம் கண்டுகொண்டால் போதும். மற்றவர்கள் தாமாகவே வந்து சேருவார்கள். நம் வீடுகளில் மெகாத் தொடருக்கு நடுவில் வந்து உட்காரும் சித்தப்பா எப்படி இரண்டே நாளில் மாமியாரையும் மருமகளையும் பிரித்தறிந்துவிடுகிறாரோ, அப்படித்தான் இதுவும். ஒரு பகுதி பதின்மூன்று நிமிடம். திங்கள் இரவு 7 மணிக்குப் புதுப் பகுதி. ஆகவே பகலில் பழையதையும் இரவில் புதியதையும் கேட்டால் ஒரே நாளில் கதையின் இரண்டு படிகள் கிடைக்கும். என் மூன்று குறிப்புகளில் ஒன்று எப்போதும் இதுதான்.

2.15 நாடகத்தை நின்றுகொண்டோ நடந்துகொண்டோ கேட்காதீர்கள். படம் இல்லாத நாடகத்தில் காட்சி மாறுவதைச் சொல்ல ஒரு கதவுச் சத்தமும் அறையின் எதிரொலியும் மட்டுமே இருக்கும். கல் தரையுள்ள கூடத்தில் பேசிய குரல் திடீரென்று கம்பளம் விரித்த அறையில் பேசுவது போல மந்தமானால், ஆள் இடம் மாறிவிட்டார் என்று பொருள். வெந்நீர்க் கெண்டியின் கொதிப்பு அந்த ஒரு நொடியை மூடிவிட்டால் பத்து நிமிடம் ஒன்றும் புரியாது. தேநீரை 2 மணிக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குறுக்கே யாராவது கூப்பிட்டுத் தொடக்கம் தவறிவிட்டால், செயலியில் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை முதலிலிருந்து திருப்பிக் கேட்கும் வசதி உண்டு.

பிற்பகல் 3 முதல் 6 வரை அணைத்துவையுங்கள். 5 மணிக்கு ‘பிஎம்’ என்ற செய்தி நிகழ்ச்சி வரும். காலையில் கேட்டவற்றின் மறுவடிவமாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால் நான் அதை விட்டுவிடுவேன். கிரிக்கெட் பிரியர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. கோடையில் இங்கிலாந்தில் டெஸ்ட் பந்தயம் நடக்கும் நாளாக அது அமைந்தால், 1957 முதல் நடந்துவரும் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ வருணனைக்கு அந்த மூன்று மணி நேரத்தையும் தாராளமாகக் கொடுக்கலாம். பந்து வீச்சுக்கு இடையே நேயர்கள் அனுப்பிய கேக்கையும் மைதானத்துப் புறாக்களையும் பற்றி அவர்கள் பேசுவதைக் கேட்டால், விளையாட்டே இதற்கொரு சாக்கோ என்று தோன்றும்.

6 மணிக்குப் பிக் பென் மணியோசையோடு அரை மணி நேரச் செய்தி. 6.30-க்கு நகைச்சுவை, திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் குழு விளையாட்டாக இருக்கும். 1967 முதல் நடக்கும் ‘ஜஸ்ட் எ மினிட்’ தொடரின் காலமாக அது அமைந்தால் குடும்பத்தோடு உட்காருங்கள். கொடுத்த தலைப்பில் ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, பொருளைவிட்டு விலகக் கூடாது. நிகழ்ச்சி முடிந்ததும் இதைத் தமிழில் விளையாடிப் பாருங்கள். ‘சாம்பார்’ என்ற தலைப்பில் என் மைத்துனர், “சாம்பார் வந்து... வந்து...” என்று தொடங்கி மூன்றாவது நொடியிலேயே தயக்கத்துக்கும் திரும்பச் சொன்னதற்கும் சேர்த்துத் தோற்றார். ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’ ஆகிய மூன்றையும் தடைசெய்தால் நம்மில் யாருமே இருபது நொடியைத் தாண்ட மாட்டோம். பிள்ளைகள் தாண்டுகிறார்கள், அது வேறு வருத்தம்.

7 மணிக்கு ஆர்ச்சர்ஸ் முடிந்ததும் மீண்டும் அணைப்பு. 10.45-க்கு, 1949 முதல் நடந்துவரும் ‘புக் அட் பெட்டைம்’ பதினைந்து நிமிடம் ஒரு நாவலிலிருந்து வாசிக்கும். திங்கட்கிழமையில் பெரும்பாலும் புது நூல் தொடங்கும் என்பதால் விடுமுறைத் திங்கள் அதில் சேர நல்ல நாள். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்பது முறை.

விழித்திருக்க முடிந்தவர்களுக்கு நாளின் கடைசிப் பரிசு 12.48-க்கு. ரொனால்ட் பிஞ்சின் ‘செய்லிங் பை’ என்னும் தாலாட்டுப் போன்ற மெட்டைத் தொடர்ந்து, கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வைக்கிங், நார்த் உட்சிரா, சவுத் உட்சிரா, ஃபோர்ட்டீஸ் என்று வடகிழக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். கேட்பதற்கு மந்திரம் போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. வரிசை எப்போதும் காற்று, கடலின் நிலை, வானிலை, பார்வைத் தொலைவு. ‘சவுத்வெஸ்ட்டர்லி 5 டு 7, அக்கேஷனலி கேல் 8’ என்றால் காற்று தென்மேற்கிலிருந்து, அதன் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 5 முதல் 7 வரை, இடையிடையே 8. யாழ்ப்பாணக் கரையில் வளர்ந்தவர் சோளகம் என்று சொல்வதும் அதே திசைக் காற்றைத்தான். கடைசியில் தனியாக வரும் ‘குட்’ வானிலையைப் பாராட்டும் சொல்லன்று, ஐந்து கடல் மைலுக்கு மேல் கண்ணுக்குத் தெரியும் என்பது. ‘வெரி புவர்’ என்றால் ஆயிரம் மீட்டருக்குள். புயல் எச்சரிக்கையில் ‘இம்மினென்ட்’ ஆறு மணி நேரத்துக்குள், ‘சூன்’ ஆறிலிருந்து பன்னிரண்டுக்குள், ‘லேட்டர்’ அதற்கும் பின். பகுதிப் பெயர்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு கேட்டால் இரண்டாம் இரவிலேயே பின்தொடர முடியும். போர்த்துகல் கரையை ஒட்டிய டிரஃபால்கர் வழக்கமாக இந்த நள்ளிரவு அறிக்கையில் மட்டுமே வரும். அதற்கு அடுத்து வரும் ஃபிட்ஸ்ராய், 2002 வரை ஃபினிஸ்டேர் என்று அழைக்கப்பட்டு, பிரிட்டிஷ் வானிலைத் துறையை நிறுவிய ராபர்ட் ஃபிட்ஸ்ராயின் பெயரைப் பெற்றது.

அறிக்கை முடிந்ததும் நாட்டுப்பண் ஒலிக்கும். 1 மணிக்கு ரேடியோ 4 தன் அலைவரிசையை வேர்ல்ட் சர்வீஸிடம் ஒப்படைத்துவிடும், அது விடியும்வரை உலகச் செய்தியைப் பேசிக்கொண்டே இருக்கும். ஆகவே படுக்கையருகே இருக்கும் பெட்டியில் ஸ்லீப் டைமரைப் பன்னிரண்டரைக்கே முப்பது நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். நான் அதை மறந்த இரவில், மூன்று மணிக்கு யாரோ ஒருவர் செப்பு விலையைப் பற்றி என் காதருகே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை ஏழு மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய எனக்கு அதன் பிறகு தூக்கம் வரவில்லை.